இணையச் சான்றுகளை எடுத்தாளும் முறை

நம் தமிழ் மன்றத்தின் கட்டுரைப் போட்டிக்கு வந்த கட்டுரைகளைப் படித்துப் பார்க்கும் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் வந்து சேர்ந்தது. கட்டுரைகள் நன்றாகவே இருந்தன. கருத்து இருந்தது, நடை இருந்தது, உழைப்பும் தெரிந்தது. ஆயினும் பலவற்றின் கடைசிப் பக்கத்தில் ‘ஆதாரம்: இணையம்’ என்று இரண்டே சொற்கள் இருந்தன. சிலர் சற்றே விரிவாகக் ‘கூகுள்’ என்று எழுதியிருந்தனர். ஒருவர் மட்டும் மூன்று வரி நீளத்துக்கு ஒரு முகவரியை எழுதி வைத்திருந்தார். அதைத் தட்டச்சு செய்து பார்த்தபோது ஏதோ ஒரு கல்லூரி நூலகத்தின் நுழைவுப் பக்கம் தோன்றிக் கடவுச்சொல்லைக் கேட்டது.

‘ஆதாரம்: இணையம்’ என்பது ‘ஆதாரம்: நூலகம்’ என்பதைப் போன்றது. அல்சூரில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்து நூலகத்துக்குச் சென்று படித்து வந்த ஒருவர், ‘இச்செய்தி தமிழ்ச் சங்கத்தில் உள்ளது’ என்று எழுதினால் நாம் நகைக்க மாட்டோமா? எந்த நூல், யார் எழுதியது, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று கேட்போம். இணையம் என்றவுடன் அந்தக் கேள்விகள் ஏன் மறந்துபோகின்றன என்பது எனக்கு விளங்கவில்லை.

மேற்கோள் குறிப்பு எதற்காக எழுதப்படுகிறது? தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைக்காமல் இருப்பதற்காக என்று எண்ணும் மாணவர் உண்டு. அந்த எண்ணமே பல குழப்பங்களுக்கு வித்து. நாம் ஒரு செய்தியைச் சொல்கிறோம். படிப்பவர் அதை ஐயுறலாம். அல்லது அதைப் பற்றி மேலும் அறிய விரும்பலாம். அவர் நம் வீடு தேடி வந்து நம்மைக் கேட்க இயலாது. ஆகவே, நாம் எந்தத் தாளைப் பார்த்து எழுதினோமோ அதே தாளின் முன் அவரையும் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். குறிப்பில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற ஐயம் எழும்போதெல்லாம் நான் இந்த ஒன்றையே நினைத்துக்கொள்வேன்.

பழைய உரையாசிரியர்கள் ‘என்ப’ என்ற ஒரு சொல்லோடு அமைந்துவிட்ட இடங்கள் பல. ‘பிறர் சொல்வர்’ என்பது அதன் பொருள். அந்தப் பிறர் யார் என்று தேடியே இன்றைய ஆராய்ச்சியாளர்களின் காலம் கழிகிறது. உ. வே. சாமிநாதையர் அந்த வழியை மாற்றினார். தமக்குக் கிடைத்த ஏட்டுப் பிரதிகள் எந்த ஊரிலிருந்து, யாரிடமிருந்து வந்தன என்பதைத் தம் பதிப்புகளில் அவர் முறையாகக் குறித்து வைத்தார். ஏட்டுக்கு அவர் செய்ததைத்தான் வலைப்பக்கத்துக்கு நாம் செய்ய வேண்டியிருக்கிறது.

நூலகவியலின் தந்தை என்று இந்தியாவில் போற்றப்படும் சீர்காழி இராமாமிருத இரங்கநாதன் தம் பிற்காலத்தை நம் பெங்களூரிலேதான் கழித்தார். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகராகி, 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டவர் அவர். 1962-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் ஆவணவியல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை இந்நகரில் தொடங்கினார். 1972-இல் இங்கேயே மறைந்தார். அவருடைய ஐந்து விதிகளுள் நான்காவது, படிப்பவரின் நேரம் வீணாகக் கூடாது என்பது பற்றியது. நூல்களை அடுக்குவதற்கும் எடுத்துக் கொடுப்பதற்கும் அவர் வகுத்த அவ்விதி மேற்கோள் குறிப்புக்கும் பொருந்தும். மூன்று வரி முகவரியைத் தட்டச்சு செய்து கடவுச்சொல்லின் முன் போய் நின்ற என் நேரத்தை அக்குறிப்பு வீணாக்கியது அன்றோ!

இனி, நம் ஊரோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இராமன் விளைவைப் பற்றி ஒரு மாணவர் கட்டுரை எழுதுகிறார் என்று கொள்வோம். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் அந்த விளைவு கண்டறியப்பட்டது. மார்ச் 16 அன்று சி. வி. இராமன் பெங்களூருக்கு வந்து, தென்னிந்திய அறிவியல் சங்கத்தில் ‘ஒரு புதிய கதிர்வீச்சு’ என்ற தலைப்பில் உரை நிகழ்த்தினார். அவ்வுரை இந்திய இயற்பியல் இதழின் இரண்டாம் தொகுதியில் 387 முதல் 398 வரையிலான பக்கங்களில் அச்சாகியுள்ளது. அதை எழுதியவர் இராமன் ஒருவரே. அதே ஆண்டு மார்ச் 31 நாளிட்ட ‘நேச்சர்’ இதழின் 121-ஆம் தொகுதியில், 501-ஆம் பக்கத்தில், ‘ஒரு புதிய வகை இரண்டாம் நிலைக் கதிர்வீச்சு’ என்ற சிறு கடிதம் வெளிவந்தது. அதை எழுதியவர்கள் இருவர்: இராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும்.

தலைப்புகள் ஏறக்குறைய ஒன்றாக ஒலிக்கின்றன. ஆண்டும் ஒன்று. ஆகவே இணையத்தில் இரண்டும் கலந்துவிடுகின்றன. ஒன்றின் தலைப்பும் மற்றதன் பக்க எண்ணும் சேர்ந்த குறிப்புகளைக் காணலாம். கிருஷ்ணனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமலும், வேண்டாத இடத்தில் இருந்தும் குழப்பம் விளைகிறது. கண்டுபிடிப்பில் கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்பது அறிஞர்கள் பல காலமாக எழுதிவரும் பொருள். அதைப் பற்றிப் பேசப் புகும் மாணவர் எந்தக் கட்டுரையைப் பார்த்தார் என்பதையே தவறாகக் குறித்தால், அவருடைய வாதம் முழுவதும் ஆட்டம் கண்டுவிடும். ஒரு மேற்கோள் குறிப்பில் ஒரு பெயர் விடுபடுவதால் ஒரு மனிதரின் உழைப்பே மறைந்துபோகும் என்பதை இங்கே காண்கிறோம்.

இன்னும் ஒன்று உண்டு. 1928-ஆம் ஆண்டு இதழ் நம்மில் யார் கைக்கும் எளிதில் கிட்டாது. இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் எண்ணிம வைப்பகத்தில் அவர் கட்டுரைகள் உள்ளன. எஸ். இராமசேஷன் பதிப்பித்த இராமனின் அறிவியற் கட்டுரைத் தொகுப்பை 1988-இல் பெங்களூர் இந்திய அறிவியல் அகாதெமி வெளியிட்டது. மாணவர் அவ்விரண்டில் ஒன்றைத்தான் பார்த்திருப்பார். அப்படியானால் எந்த ஆண்டைக் குறிப்பது? வைப்பகங்களில் ஒரு கோப்பு ஏற்றப்பட்ட நாளும் காட்டப்படுவது வழக்கம். அதைப் பார்த்து ‘இராமன், 2009’ என்பதுபோல எழுதிவிடுவோர் உளர். இராமன் மறைந்தது 1970 நவம்பரில். மறைந்து முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் எப்படிக் கட்டுரை எழுதினார் என்று தேர்வாளர் கேட்டால் என்ன விடை சொல்வது?

எழுதும் முறை இதுதான். கட்டுரை முதலில் வெளிவந்த இதழ், தொகுதி, ஆண்டு, பக்கம் ஆகியவற்றை முதலில் எழுதுக. பிறகு ‘படித்தது’ என்று தொடங்கி, நாம் பார்த்த தொகுப்பையோ வைப்பகத்தையோ குறிக்க. பின்வருமாறு:

இராமன், சி. வி. ‘ஒரு புதிய கதிர்வீச்சு’, இந்திய இயற்பியல் இதழ், தொகுதி 2, 1928, பக்கம் 387–398. படித்தது: இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் எண்ணிம வைப்பகம், அதன் பின் முகவரியும் பார்த்த நாளும்.

தொகுப்பைப் பார்த்துவிட்டு இதழின் பக்க எண்ணை மட்டும் எழுதுவது நேர்மையாகாது. இதழை நாம் கண்ணால் கண்டதில்லை. தொகுப்பில் ஓர் அச்சுப்பிழை நேர்ந்திருந்தால் அப்பிழையை இதழின் தலையில் ஏற்றியவராவோம். பழைய நூல்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் இன்று இணையத்தில் கிடைக்கிறது. அதில் ஒரு நகரைப் பற்றிய கட்டுரையைப் படிப்பவர், அது 1950-களின் செய்தி என்பதை மறந்து, ‘தமிழ் இணையக் கல்விக்கழகம்’ என்று மட்டும் குறித்தால், அறுபது எழுபது ஆண்டுக்கு முந்தைய நிலையை இன்றைய நிலையாகச் சொல்லியவராவார்.

எண்களைச் சொல்லும்போது இந்த எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். பெங்களூரின் மக்கள்தொகை என்ன என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி 84,43,675 என்று ஒரு பக்கம் சொல்லும். அதே கணக்கெடுப்பின்படி 96,21,551 என்று வேறொரு பக்கம் சொல்லும். இரண்டும் சரியே. முதலாவது அன்றைய மாநகராட்சி எல்லைக்கு உரியது; இரண்டாவது பெங்களூர் நகர மாவட்டத்துக்கு உரியது. ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம் மக்கள் வேறுபடுகின்றனர்! ஒரு கோடி என்றும் ஒன்றரைக் கோடி என்றும் சொல்லும் பக்கங்களும் உண்டு. அவை மதிப்பீடுகள். 2021-இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை ஆதலால், அவ்வாண்டுக் கணக்கெடுப்பின்படி என்று யாரேனும் ஓர் எண்ணைத் தந்தால் அதை நம்பக் கூடாது. எண்ணை எழுதும்போது எந்த எல்லை, எந்த ஆண்டு, யார் எண்ணியது என்ற மூன்றையும் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

மேலும், அந்த மாநகராட்சியே இன்று இல்லை. 2025-இல் அதனை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்துவிட்டனர். அலுவலகம் மாறினால் அதன் இணையதளமும் மாறும். பழைய அறிக்கைகள் வேறு முகவரிக்குப் போகும். சில போகாமலே மறையும். இங்கேதான் அச்சு நூலுக்கும் வலைப்பக்கத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு வருகிறது. நூலகத்தில் ஒரு நூல் தொலைந்தால் வேறொரு நூலகத்தில் அதன் பிரதி இருக்கும். வலைப்பக்கத்துக்குப் பெரும்பாலும் பிரதி இல்லை. அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களுள் 38 விழுக்காடு பத்தாண்டுக்குள் கிடைக்காமல் போய்விட்டன என்று கண்டது. அந்நாட்டு உச்சநீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட இணைய இணைப்புகளில் ஏறத்தாழப் பாதி, தொடக்கத்தில் காட்டிய செய்தியை இப்போது காட்டவில்லை என்று 2014-இல் ஹார்வர்டு சட்ட அறிஞர்கள் எழுதினர். நீதிமன்றத்துக்கே இந்த நிலை என்றால் நம் கட்டுரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

தமிழ்ப் பக்கங்களுக்கு இந்த இடர் இரு மடங்கு. ஜியோசிட்டிஸ் என்ற இலவச இடத்தில் 1990-களின் இறுதியில் தமிழர் பலர் பக்கங்கள் அமைத்திருந்தனர். 2009-இல் அவ்விடம் மூடப்பட்டது. தப்பிய பழைய பக்கங்களுள் பல, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் இருப்பதால், இன்றைய கணினியில் திறந்தால் ஏதோ ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகத் தோன்றும். அப்படி ஒரு பக்கத்தை எழுத்து மாற்றிப் படித்திருந்தால், அதையும் குறிப்பில் ஒரு சொல்லாவது சொல்வது நல்லது.

இதற்கு நாம் செய்யக்கூடியது என்ன? இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற நிறுவனம் 1996 முதல் வலைப்பக்கங்களைப் படியெடுத்துச் சேமித்து வருகிறது. அதன் வேபேக் மெஷின் 2001-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நாம் மேற்கோள் காட்டும் பக்கத்தின் முகவரியை அங்கே கொடுத்தால், அப்பக்கம் அந்த நிமிடத்தில் இருந்தவாறே ஒரு படி எடுக்கப்பட்டு, நாளும் நேரமும் அடங்கிய தனி முகவரி கிடைக்கும். அந்த முகவரியையும் மூல முகவரியோடு சேர்த்து எழுதிவிட வேண்டும். இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது; காசும் வேண்டுவதில்லை. ஆயினும் அதனையே முழுதும் நம்பியிருத்தலும் ஆகாது. 2024 அக்டோபரில் அந்நிறுவனமே இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாள்கள் முடங்கிக் கிடந்தது. ஆகவே பக்கத்தை பி.டி.எஃப். கோப்பாகவும் உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வின்போது ‘இப்பக்கம் இல்லையே’ என்று கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளுக்கு இந்தக் கவலை குறைவு. அவற்றுக்கு டி.ஓ.ஐ. என்ற நிலையான எண் ஒன்று கொடுக்கப்படுகிறது. வெளியீட்டாளர் இணையதளத்தை மாற்றினாலும், இதழையே வேறொருவருக்கு விற்றாலும், அவ்வெண் புதிய இடத்துக்கு நம்மை அழைத்துச் செல்லும். டி.ஓ.ஐ. இருக்குமானால் அதை மட்டும் எழுதுக; வேறு முகவரி வேண்டா. கல்லூரியின் வாயில் வழியாக மட்டும் திறக்கும் முகவரியையும், தேடுபொறியின் முடிவுப் பக்கத்து முகவரியையும் ஒருபோதும் எழுதலாகாது. முகவரியின் வாலில் வினாக்குறிக்குப் பின் நீண்டு தொங்கும் எழுத்துகள் பெரும்பாலும் நாம் எங்கிருந்து வந்தோம் என்பதை விளம்பரக்காரருக்குச் சொல்பவை. அவற்றை வெட்டிவிட்டு, பக்கம் திறக்கிறதா என்று பார்த்து, திறந்தால் குறுகிய முகவரியையே எழுதுங்கள்.

பார்த்த நாளை எழுத வேண்டுமா என்று பலர் கேட்கின்றனர். விதிநூல்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. மாறக்கூடிய பக்கங்களுக்கு மட்டும் எழுதினால் போதும் என்கிறது 2019-இல் வெளிவந்த அமெரிக்க உளவியற் சங்கத்தின் ஏழாம் பதிப்பு. முகவரியே வேண்டியதில்லை என்று 2009-இல் சொன்ன நவீன மொழிச் சங்கம், 2016-இல் முகவரி நல்லது என்று மாற்றிக்கொண்டது. என் கருத்தைக் கேட்டால், எல்லா இணையச் சான்றுக்கும் பார்த்த நாளை எழுதிவிடுங்கள் என்பேன். வேண்டாதவர் நீக்கிக்கொள்ளலாம். எழுதாததை ஓராண்டு கழித்து நினைவிலிருந்து எழுப்ப முடியாது.

விக்கிப்பீடியாவுக்கு நாள் மட்டும் போதாது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதில் யாரும் எப்போதும் திருத்தலாம். காலையில் படித்த வரி மாலையில் இல்லாமல் போகலாம். ஆனால் அதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கட்டுரையின் வரலாறும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் உரிய நிலையான இணைப்பும் அங்கேயே கிடைக்கும். அதை எழுதினால் நாம் பார்த்த அதே வடிவத்தை எவரும் பார்க்கலாம். ஆயினும் விக்கிப்பீடியாவை முடிவான சான்றாகக் காட்டுவதைப் பேராசிரியர்கள் விரும்புவதில்லை. அவர்கள் விரும்பாதது சரியே. அக்கட்டுரையின் அடிக்குறிப்பில் உள்ள நூலைத் தேடிப் பிடித்துப் படித்து அந்நூலைக் காட்டுங்கள். படிக்காமல் அடிக்குறிப்பை மட்டும் பெயர்த்து எழுதுவது வேறு, அதற்கு வருகிறேன்.

அதற்கு முன், தமிழ் மின்னூல்களைப் பற்றி ஒரு சொல். 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் நம் இலக்கியங்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தது. ஒவ்வொரு மின்னூலுக்கும் ஓர் எண் உண்டு. திருக்குறள் முதல் எண். நூலின் தொடக்கத்தில் தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயர்களும் பெரும்பாலும் எந்த அச்சுப் பதிப்பை ஒட்டியது என்பதும் இருக்கும். பலர் அப்பகுதியைத் தாண்டிப் போய்விடுகின்றனர். தாண்டாதீர்கள். பாடவேறுபாடு உள்ள நூல்களில் எந்தப் பதிப்பு என்பதே முதற்கேள்வி. சங்க நூல்களுக்கும் குறளுக்கும் பக்க எண் வேண்டுவதில்லை. பாட்டு எண்ணும் அடி எண்ணும் எல்லாப் பதிப்பிலும் வழிகாட்டும். ஆனால் உரையை எடுத்தாண்டால் பதிப்பும் பக்கமும் கட்டாயம். நிழற்படி எடுத்த பி.டி.எஃப். கோப்பில் கணினி காட்டும் எண் வேறு, தாளில் அச்சிட்ட எண் வேறு என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். அட்டை, முன்னுரை எல்லாவற்றையும் கணினி சேர்த்து எண்ணும். தாளில் உள்ள எண்ணையே எழுத வேண்டும்.

ஈழத்து நூல்கள் வேண்டுவோர் ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தை அறிந்திருப்பீர்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அந்த இழப்பின் நினைவு மாறாத மண்ணைச் சேர்ந்த இளைஞர்கள் 2005-இல் தொடங்கிய முயற்சி ‘நூலகம்’. அங்கும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் எண் உண்டு. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு யாழ்ப்பாணத்துச் சிற்றிதழைப் படித்துவிட்டு, அச்சு இதழையே கையில் வைத்திருந்தவர்போல எழுதுவது நன்றன்று. ‘நூலகம்’ என்ற பெயரையும் எண்ணையும் எழுதினால், தேடி வருபவருக்கு வழி கிடைக்கும். பக்கம் பக்கமாகப் படி எடுத்தவரின் உழைப்பும் பதிவாகும்.

இனி, படிக்காததைக் காட்டும் வழக்கத்துக்கு வருகிறேன். ஒருவர் நூலில் இன்னொருவரைப் பற்றிய மேற்கோள் இருக்கும். நாம் முதல் நூலைத்தான் படித்தோம். ஆனால் இரண்டாமவரையே நேரில் படித்ததாக எழுதிவிடுகிறோம். பெருமைக்காகச் செய்யும் இச்செயல் பிழைகளை வாழையடி வாழையாக வளர்க்கிறது. ‘இன்னாரை மேற்கோள் காட்டும் இன்னார்’ என்று எழுதினால் ஒரு குறையும் இல்லை. படித்தது எதுவோ அதுவே நம் சான்று.

இவ்வழக்கம் இன்று புதிய வடிவத்தில் வந்திருக்கிறது. சாட்ஜிபிடி முதலிய செயற்கை அறிவுக் கருவிகளிடம் ‘இதற்குச் சான்று தருக’ என்று கேட்டால் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் வரிசையாக வரும். பார்க்க அழகாக இருக்கும். தேடினால் அப்படி ஒரு கட்டுரையே இல்லாமலும் இருக்கும். அக்கருவி சொற்கள் எவ்வாறு அடுத்தடுத்து வரும் என்பதைக் கற்றுக்கொண்டு எழுதுகிறதே ஒழிய, நூலகத்துக்குப் போய்ப் பார்த்து எழுதுவதில்லை. 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இவ்வாறு கிடைத்த பொய்த் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் தண்டம் கட்டினர். அது தொலைதூரத்துச் செய்தி என்று ஒதுக்க வேண்டா. 2024 டிசம்பரில் வருமானவரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூர் அமர்வு பிறப்பித்த ஓர் ஆணையில் இல்லாத தீர்ப்புகள் எடுத்தாளப்பட்டிருந்தது தெரியவந்து, அவ்வாணை சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2025 மார்ச்சில் கருநாடக உயர்நீதிமன்றம், பெங்களூர் நகர உரிமையியல் நீதிமன்றத்தின் ஓர் ஆணையைப் பார்வையிட்டபோது, அதில் காட்டப்பட்ட இரண்டு தீர்ப்புகள் எந்த நீதிமன்றத்தாலும் வழங்கப்படாதவை என்று கண்டு, மேல் விசாரணைக்கு உரிய செய்தி அது என்று குறித்தது. நாம் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் கட்டடங்களில் நடந்தவை இவை. வழக்காடியவர்களின் உடைமையும் உரிமையும் அந்தத் தாள்களில் தங்கியிருந்தன.

கருவியைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது தரும் பெயரை ஒரு துப்பாக மட்டும் கொள்ளுங்கள். டி.ஓ.ஐ. எண் வேலை செய்கிறதா, இதழின் தளத்தில் அத்தொகுதியில் அப்பக்கத்தில் அக்கட்டுரை உள்ளதா, உள்ளே நாம் சொல்ல வந்த செய்தி இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். திறக்காத நூலைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பல்கலைக் கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிகளைப் பலர் அச்சத்தோடு பேசுகின்றனர். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை இருந்தால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பதிவே நீக்கப்படும். முறைப்படி மேற்கோளாகக் காட்டிய பகுதிகள் அக்கணக்கில் சேரா என்பதை அவ்விதிகளே சொல்கின்றன. ஆகவே மேற்கோள் மிகுந்தால் விழுக்காடு ஏறிவிடும் என்று அஞ்சி மேற்கோள் குறியை நீக்கிச் சொற்களை இங்குமங்கும் மாற்றுவது வீண்வேலை. சொல்லை மாற்றினாலும் கருத்து பிறருடையதாயின் குறிப்பு வேண்டும்.

காணொளிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்திய அறிவியல் நிறுவனமும் ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். விரிவுரைகளைப் பலரும் பயன்படுத்துகிறோம். அவற்றுக்கு விரிவுரையாளர் பெயர், பாடம், விரிவுரை எண், எத்தனையாவது நிமிடம் ஆகியவற்றை எழுத வேண்டும். ‘யூடியூப்’ என்பது ஆசிரியர் பெயர் ஆகாது. அவ்வாறே, சோத்கங்காவில் படித்த ஆய்வேட்டுக்குச் சோத்கங்கா ஆசிரியர் ஆகாது. ஆய்வாளர், பல்கலைக் கழகம், ஆண்டு என்பனவே முதலில் வரும். வாட்ஸப்பில் வந்த பொன்மொழியைச் சான்றாகக் காட்டவே வேண்டா. அறிஞர் பெயரால் உலவும் பொன்மொழிகளுள் அவர்கள் சொல்லாதவை ஏராளம்.

நம் பெயர்முறையால் வரும் ஒரு தொல்லையும் உண்டு. மேனாட்டு விதிநூல்கள் குடும்பப் பெயரை முதலில் கேட்கின்றன. நமக்கு அது இல்லை. இரங்கநாதனின் பெயருக்கு முன் உள்ள எழுத்துகள் ஊரையும் தந்தையையும் குறிப்பவை. மேற்கோள் மென்பொருள்கள் தந்தை பெயரைக் குடும்பப் பெயர் என்று எண்ணி முன்னே தள்ளிவிடும்; மகனுக்குப் போக வேண்டிய பெயர் தந்தைக்குப் போய்விடும். மென்பொருள் தரும் பட்டியலை அப்படியே ஒட்டாமல் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். ‘சாமிநாதையர், உ. வே.’ என்று இயற்பெயர் முன்னும் முதலெழுத்து பின்னுமாக எழுதுவதே நமக்குப் பொருத்தம்.

கடைசியாக, பெங்களூரில் படிக்கும் நமக்கே உரிய ஒரு கேள்வி. நம் மேற்பார்வையாளர் கன்னடராகவோ வங்காளியாகவோ இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வேட்டில் தமிழ்ப் பக்கத்தை எப்படிக் காட்டுவது? தலைப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மட்டும் எழுதுவோர் பலர். அந்த மொழிபெயர்ப்பைக் கொண்டு மூலத்தைத் தேடினால் கிடைக்காது. தலைப்பை ஒலிபெயர்த்து எழுதி, அதன் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பொருளைக் கொடுப்பதே முறை. நிறுவனம் ஒப்பினால் தமிழ் எழுத்திலும் தருக. இணையத்தில் தேடுபவருக்கு அதுவே பெரிதும் உதவும். ஒலிபெயர்ப்புக்குச் சென்னைப் பல்கலைக் கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறை உள்ளது. அதைப் பின்பற்றி, அவ்வாறு பின்பற்றியதை முன்னுரையில் ஒரு வரியில் சொல்லிவிட்டால், ழகரத்துக்கு எந்த ஆங்கில எழுத்து என்ற வழக்கு தேர்வாளரிடம் எழாது.